வெற்றுக் குழாயில் ஒரு கோடு

மார்பூர்கில் எல்லாம் படிக்கட்டு.
ஆற்றிலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து காட்டுக்கு.
ஆய்வகக் குன்றுக்கு மட்டும் ஏழாம் எண் பேருந்து.
இறங்குமிடத்தில், நிழற்குடைக்குப் பின்னே,
இடுப்பளவு முட்செடி.

நெருஞ்சியா என்றால் நெருஞ்சி இல்லை,
குடியோட்டிப் பூண்டும் இல்லை.
என் மொழியில் பெயர் போட ஆளில்லாமல்
ஊதா மயிரை உச்சியில் முடிந்து நிற்கிறது.
அதன் இலைமேல் இன்னொரு சின்ன இலை;
தொட்டால் கால் மடக்கி ஒட்டிக்கொள்ளும்.
ஆமை வண்டு.

இலைச்சுவரை உடைக்க அதற்குச் சொந்தமாகக் கத்தி கிடையாது.
ஹென்ரிக்கேயின் மேசையில் திறந்தே கிடக்கும்
பிளம் ஜாமை இறுக்கிப் பிடிக்கிறதே பெக்டின்,
அதுதான் சுவருக்கும் சாந்து.
அந்தச் சாந்தைக் கரைக்கத் தெரிந்த யாரோ
இதன் வயிற்றுக்குள் குடியிருக்கிறார்கள்.
யார் என்பதுதான் என் சம்பளம்.

உப்புநீர்த் துளியில் வைத்து
இரண்டு ஊசிகளால் பிரித்தேன்.
குடல் தொடங்கும் வாசலில், இருபுறமும்,
கசகசாவை முடிந்த துணி போல இரண்டு பைகள்.
உடைத்தேன், கரைத்தேன், பிரதியெடுத்தேன்,
முப்பத்தைந்து சுற்று.
ஜெல்லில் ஏற்றி நீல ஒளியில் பார்த்தால்
வண்டுக் குழாயில் ஒரு கோடு.
வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த
வெற்றுக் குழாயிலும்
வெட்கமில்லாமல் ஒரு கோடு.

பார்க்காத மாதிரி அனுப்பிவைத்தேன்.
வெள்ளிக்கிழமை எழுத்துகள் வந்தன,
ஆயிரத்துச் சொச்சம்,
நான்கே எழுத்து உள்ள நெடுங்கணக்கில்.
பட்டியல் பளிச்சென்று சொன்னது:
நூற்றுக்கு நூறு. மனிதத் தோலில் வாழ்வது.
பருவில், மூக்கோரத்தில்.
ஹென்ரிக்கே திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது வண்டு இல்லை. உன் நெற்றி."

நான் ஓர் ஊர் என்பதை,
அதுவும் தெருவெல்லாம் நிரம்பி வழிகிற ஊர் என்பதை
யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை.
இரவு முகம் கழுவும்போது
கொஞ்சம் தயங்கினேன்.

பிறகு கையுறை மேல் கையுறை,
வாய்க்கு மூடி, மேசைக்கு வெளுப்பான்.
இம்முறை தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.
வண்டின் கோட்டுக்குப் பட்டியல் தடுமாறியது:
எண்பத்தொன்பது விழுக்காடு,
தூரத்துப் பங்காளி ஒருவனின் சாயல்.
இந்த முகத்தில் இதுவரை யாரும் பதிவாகவில்லை.

தட்டில் வைத்து ஊட்டினோம். வளரவில்லை.
ரத்தக்கூழ், ஈஸ்ட், முட்செடிச் சாறு,
எதற்கும் வாய் திறக்கவில்லை.
வெளியே வாழத் தேவையான சொத்தையெல்லாம்
எப்போதோ விற்றுத் தின்றாயிற்று;
மீதி, சாந்து கரைக்கும் கை மட்டும்.
தட்டில் வளராத உயிருக்கு முழுப்பெயர் இல்லையாம்.
முன்னால் 'வேட்பாளர்' என்று பொருள்படும்
ஒரு லத்தீன் சொல் நிற்கும்.
"தேர்தல் எப்போது?"
"நடக்காது."

இனி வருவது சொல்ல விரும்பாதது.
தாய் வண்டு ஒவ்வொரு முட்டையின் தலையிலும்
பழுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறது.
பொட்டுக்குள் இருப்பவர்கள் அவர்கள்தான்.
குஞ்சு வெளிவரும்போது முதலில் அதைக் குடிக்கும்.
பொட்டை அழித்தால்?
கேள்வி என்னுடையது. ஊசியும்.
பன்னிரண்டு முட்டை.

பன்னிரண்டும் பொரிந்தன.
இலைமேல் நின்று இலையைக் கடித்தன,
கடித்தன, கடித்துக்கொண்டே இருந்தன.
வயிறு நிறையப் பச்சை தெரிந்தது.
பசியால்தான் செத்தன.
ஐந்தாம் நாள் நான்கு. ஏழாம் நாள் மற்றவை.

ஒன்று மட்டும் தோல் உரித்தது, மறுபடி உரித்தது,
நான்காம் வாரம் ஓடு போர்த்தி வந்து
மூடியின் அடியில் தலைகீழாகத் தொங்கியது.
பொட்டை நான் சரியாக வழிக்கவில்லை போலும்.
"பிழை என்று எழுது" என்றாள் ஹென்ரிக்கே.
'பிழைத்தது' என்று எழுதினேன்.
என் மொழியில் அது பொய்யில்லை.

உறுதிசெய்ய இதையும் திறந்து பார்க்க வேண்டும்.
திங்கட்கிழமை செய்கிறேன் என்றேன்.
இன்று வியாழன்.
கிளம்பும்போது புது இலை ஒன்று வைத்தேன்.